சிரித்தால் கோணும் கீழுதடு: கத்தி எந்தப் பக்கம்?

திருமங்கலத்திலிருந்து ஒரு தாய்மாமன் கேட்டிருக்கிறார். அக்கா மகளுக்கு 17 வயது, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பிறந்ததிலிருந்தே அழுதாலும் சிரித்தாலும் கீழுதடு வலது பக்கம் மட்டும் இறங்கும், இடது பக்கம் அப்படியே நிற்கும். சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. சின்ன வயதில் 'காத்து பட்டிருச்சு' என்று மந்திரித்திருக்கிறார்கள், அப்புறம் மாதக்கணக்கில் கன்னத்தில் கரண்ட் வைத்திருக்கிறார்கள், பலூன் ஊதச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது ஓரிடத்தில் காலிலிருந்து நரம்பு எடுத்து முகத்தில் வைக்க வேண்டும், பெரிய ஆபரேஷன் என்று சொல்லிவிட, வீட்டில் பாதிப் பேர் செய்துவிடலாம் என்கிறார்கள், பாதிப் பேர் பயப்படுகிறார்கள். செய்யலாமா, எந்த வயதில் செய்வது, மதுரையிலேயே முடியுமா என்பது அவர் கேள்வி.

நான் மதுரையில் பிளாஸ்டிக் சர்ஜரி பார்க்கிறவன். பிள்ளையை நேரில் பார்க்காமல் முடிவாக எதுவும் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் எழுதியதை வைத்தே ஒன்றைச் சொல்லலாம்: இந்த வயதில் அந்த நரம்பு ஆபரேஷனுக்கு அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். இப்படி இருக்கிற பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சையே தேவைப்படாது. தேவைப்படுகிறவர்களுக்கும் பழுதான பக்கத்தில் கை வைப்பதைவிட நன்றாக வேலை செய்யும் பக்கத்தைக் கொஞ்சம் அடக்குவதுதான் எளிது, பலனும் நிச்சயம். கேட்க விசித்திரமாக இருக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

கீழுதட்டைக் கீழே இழுக்க இரண்டு பக்கமும் தனித்தனித் தசைகள் உண்டு. வாயின் ஓரத்தைக் கீழே இழுப்பது ஒன்று, டிப்ரஸர் ஆங்குலி ஓரிஸ் என்பார்கள். அதற்கு உள்பக்கமாக, தாடை எலும்பில் தொடங்கிச் சாய்வாக மேலேறி உதட்டுக்குள் போவது இன்னொன்று, டிப்ரஸர் லேபியை இன்ஃபீரியோரிஸ். கீழ்ப்பல் தெரியச் சிரிப்பதும், 'ஈ' என்று இளிப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது தசையின் வேலை. இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் உதடு நேராக இறங்கும். சித்திரைத் தேரில் ஒரு வடத்தை இழுக்க ஆளில்லாமல் இன்னொன்றை மட்டும் இழுத்தால் தேர் எந்தப் பக்கம் திரும்பும்? அதுதான் இங்கே நடக்கிறது. இழுக்கிற பக்கம் உதடு இறங்கி வெளிப்பக்கமாகவும் போகும், பல் தெரியும். இழுக்காத பக்கம் உதடு பல்லை மூடியபடி நிற்கும்.

இதனால் வீட்டில் எல்லோரும் தப்பான பக்கத்தைக் காட்டுவார்கள். ஓ.பி.யில் குழந்தையைத் தூக்கி வரும் ஆத்தாமார்கள், உதடு இறங்குகிற பக்கத்தைத் தொட்டு 'இங்கனதான் கோணுது டாக்டர்' என்பார்கள். அதுதான் நல்ல பக்கம். நீங்கள் 'வலது பக்கம் மட்டும் இறங்கும்' என்று எழுதியிருப்பதால் குறை இடது பக்கத்தில். இந்தக் குறை அதிகம் பார்க்கப்படுவதும் இடது பக்கத்தில்தான். அவ்வளவு அபூர்வமும் இல்லை. ஆயிரம் குழந்தைகளில் 3 முதல் 8 பேருக்கு இருக்கலாம் என்று வெவ்வேறு கணக்குகள் சொல்கின்றன. நம்மோடு பேசிக்கொண்டிருக்கிற எத்தனையோ பேருக்கு இது இருக்கும், நாம் கவனித்திருக்க மாட்டோம். சிரிக்கும்போது கீழ்ப்பல் தெரியாதவர்களே உலகத்தில் அதிகம். அவர்களுக்கு இது மூடியே கிடக்கும். கீழ்ப்பல்லும் சேர்ந்து தெரிய வாய்விட்டுச் சிரிக்கிற ஆட்களுக்குத்தான் உறுத்தலாகத் தெரியும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். பிள்ளையைச் சன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்துப் புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள், நெற்றியில் இரண்டு பக்கமும் சுருக்கம் விழ வேண்டும். கண்ணை இறுக்கி மூடச் சொல்லுங்கள், இரண்டு கண்ணும் ஒரே மாதிரி மூட வேண்டும். மூக்கோரத்திலிருந்து வாயோரத்துக்கு வரும் மடிப்பு இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா பாருங்கள். கடைசியாக 'ஈ' என்று கீழ்ப்பல்லைக் காட்டச் சொல்லி, நடுப்பல்லிலிருந்து வலப்பக்கம் எத்தனை பல் தெரிகிறது, இடப்பக்கம் எத்தனை தெரிகிறது என்று எண்ணுங்கள். முதல் மூன்றும் சரியாக இருந்து கடைசி மட்டும் தவறினால், இது முழு முகவாதம் இல்லை, கீழுதடு மட்டும்தான். இன்னொன்று: கட்டைவிரலை உதட்டுக்கு உள்ளேயும் ஆட்காட்டி விரலை வெளியேயும் வைத்து, வாயோரத்துக்குக் கொஞ்சம் உள்ளே இருக்கிற சதையை மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். தசை வளராத பக்கம் மெலிந்து, துணி மடிப்பைப் பிடித்த மாதிரி இருக்கும். நாங்கள் கைக்குழந்தையிடம் முதலில் பார்ப்பதே இதைத்தான், அழுதுகொண்டே இருந்தாலும் பார்த்துவிடலாம்.

சரி, காரணம் என்ன? இரண்டு வகை. ஒன்று, உதட்டைக் கீழே இழுக்கும் தசை தாய் வயிற்றிலேயே சரியாக உருவாகாமல் போவது. பிறவியிலேயே வந்து, முகத்தின் மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கிறவர்களில் அதிகம் இந்த வகைதான். இன்னொன்று, தசை இருக்கிறது, ஆனால் அதற்குப் போகும் நரம்பு அடிபட்டது. முகநரம்பு ஐந்து கிளைகளாகப் பிரிகிறது, அதில் தாடை ஓரமாக ஓடும் மெல்லிய கிளைதான் மார்ஜினல் மாண்டிபுலர். பிரசவத்தில் ஆயுதம் போட்டு எடுத்ததாலோ, தலை நெடுநேரம் இடுப்பெலும்பில் அழுந்திக் கிடந்ததாலோ இது நசுங்கலாம். அப்படி நசுங்கியது பெரும்பாலும் சில வாரங்களில், கூடிப்போனால் சில மாதங்களில் தானாகச் சரியாகிவிடும். 17 வருஷமாக மாறாமல் இருக்கிறதென்றால் தசையே இல்லை, அல்லது நரம்பு நிரந்தரமாகப் போய்விட்டது. இரண்டில் எதுவென்று பார்க்க இ.எம்.ஜி. என்று ஊசி முனையால் தசையின் மின்துடிப்பைப் பதிகிற சோதனை உண்டு. நல்ல கை பார்த்தால் வலியில்லாத அல்ட்ராசவுண்டிலேயே தசை இருக்கிறதா, எவ்வளவு தடிமன் என்று தெரிந்துவிடும். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது அந்தக் கால் நரம்பு விஷயத்துக்கு வருவோம். கெண்டைக்கால் பின்னால் சூரல் என்று ஒரு தொடு உணர்வு நரம்பு இருக்கிறது. அதை எடுத்து, முகத்தின் நல்ல பக்கத்து நரம்புக் கிளையில் இணைத்து, உதட்டுக்குக் கீழாக மறுபக்கம் கொண்டுபோவார்கள். நரம்பு இழை ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் வளர்ந்து அந்தப் பக்கம் போய்ச் சேர மாதங்கள் ஆகும். முகவாதத்துக்கு இது அருமையான ஆபரேஷன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் போய்ச் சேர்கிற இடத்தில் உயிருள்ள தசை இருக்க வேண்டும். நரம்புத் தொடர்பு அறுந்த தசை ஒன்றரை, இரண்டு வருஷத்துக்கு மேல் தாங்காது, அப்புறம் கொழுப்பும் நாருமாக மாறிவிடும். பிறவியிலேயே தசை வளராதவளுக்கோ, நரம்பு போய் 17 வருஷம் ஆனவளுக்கோ புது நரம்பு கொண்டுபோய் எதை இயக்கப் போகிறோம்? வேறு இடத்திலிருந்து தசையும் சேர்த்து நட்டால்தான் அதற்கு அர்த்தம். ஓர் ஓரத்து உதடு கொஞ்சம் இறங்குவதற்காக அவ்வளவு பெரிய வேலையா என்பது என் கேள்வி. எடுத்த காலில் பாதத்தின் வெளியோரம் மரத்துப்போவது வேறு. சொன்னவர் ஒருவேளை முழு முகவாதம் என்று நினைத்துச் சொல்லியிருக்கலாம். அதனால் 'என் பிள்ளைக்கு அந்த இடத்தில் தசை இருக்கிறதா, எதை வைத்துச் சொல்கிறீர்கள்' என்ற கேள்வியை அவரிடமே போய்க் கேளுங்கள்.

கரண்ட் வைத்ததும் பலூன் ஊதியதும் ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் இதுவேதான் பதில், இல்லாத தசையைக் கரண்ட் வைத்து எழுப்ப முடியாது. பலூன் ஊதுவது கன்னத்துக்கும் வாயைக் குவிப்பதற்குமான பயிற்சி, கீழுதட்டை இறக்கும் தசைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போனது போகட்டும், இனிமேல் அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

ஆபரேஷன் பேச்சை எடுப்பதற்கு முன்னால் ஒரு விஷயம், எல்லாவற்றையும்விட முக்கியமானது. இந்தப் பிள்ளைக்கு இதயத்துக்கு எக்கோ எடுத்திருக்கிறதா? 1969-இல் கேய்லர் என்ற குழந்தை இதய மருத்துவர், அழும்போது வாய் கோணும் சில குழந்தைகளுக்குப் பிறவி இதயக் கோளாறும் இருப்பதைக் கவனித்து எழுதினார். பின்னாளில் அதில் ஒரு பகுதியினருக்கு 22-ஆவது குரோமோசோமில் 22கியூ11 என்ற இடத்தில் ஒரு துண்டு விடுபட்டிருப்பது தெரிந்தது. எல்லோருக்கும் அப்படி இருக்காது. வாய் கோணுவது மட்டும் இருந்து வேறு ஒன்றுமே இல்லாதவர்கள் ஏராளம், பயந்துவிடாதீர்கள். ஆனால் இதயத்தில் ஓட்டை, சிறுநீரகம் ஒன்று இல்லாமல் இருப்பது, முதுகெலும்பில் கோளாறு, காது கேட்பதில் குறை என்று சிலருக்குச் சேர்ந்து வரும். அதனால் பச்சைக் குழந்தையாக இருந்தால் எக்கோ, வயிற்று ஸ்கேன், காது கேட்கும் பரிசோதனை மூன்றையும் பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி. 17 வயதில் ஓடியாடித் திரிகிற பிள்ளைக்கும் ஒரு தடவை எக்கோ எடுத்துவிடுங்கள், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரும் அதைத்தான் முதலில் கேட்பார். அவள் மூக்கால் பேசுகிறாளா, கைக்குழந்தையில் பால் மூக்கு வழியாக வந்ததா, கால்சியம் குறைந்து வலிப்பு வந்ததா, படிப்பில் ரொம்பத் திணறினாளா? இதில் ஏதாவது இருந்தால் மரபணுச் சோதனையும் கேளுங்கள், ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அந்தத் துண்டு விடுபட்டிருப்பது உறுதியானால் அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது போக 50 சதவீத வாய்ப்பு உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்வது, உதடு நேராக இருப்பதைவிடப் பெரிய விஷயம்.

இனி சிகிச்சை.

முதல் படி ஊசி. போடாக்ஸ் என்று கடைப்பெயரில் சொல்கிற பொட்டுலினம் டாக்சினை, நல்ல பக்கத்து டிப்ரஸர் லேபியையில், அதாவது முன்னால் சொன்ன இரண்டாவது தசையில் போடுவது. பலரும் 'அய்யோ, நல்லா இருக்கிற பக்கத்தையும் கெடுக்கிறதா' என்று அதிர்ச்சியாவார்கள். யோசித்துப் பாருங்கள், பார்க்கிறவர் கண்ணுக்கு உறுத்துவது இடது பக்கம் இறங்காதது அல்ல, இரண்டும் வேறு வேறாக இருப்பது. இரண்டு பக்கமும் இறங்காவிட்டால் கீழ்ப்பல் தெரியாத ஒரு சாதாரணச் சிரிப்பு, ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சிரிக்கிறார்கள். மேலுதடு தூக்குவது, கன்னம் உயர்வது, கண் சுருங்குவது எல்லாம் வேறு தசைகள், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

ஊசி போடும்போது முகம் கடுகடுக்கிற மாதிரி கீழுதட்டை இறக்கச் சொல்லி, தோலுக்கு அடியில் தசை புடைக்கும் இடத்தை விரலால் தொட்டு உணர்ந்து பேனாவால் புள்ளி வைப்போம். மருந்து 5 முதல் 10 யூனிட் போதும், இன்சுலின் ஊசி போல மெல்லிய ஊசி, ஐந்து நிமிட வேலை. மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் தெரிய ஆரம்பிக்கும், இரண்டு வாரத்தில் முழுப் பலன், மூன்று நான்கு மாதத்தில் கரைந்துவிடும். மருந்து பக்கத்தில் இருக்கிற வாயை மூடும் தசைக்குள் பரவினால் சில வாரம் டம்ளரில் வாய் வைத்துக் குடிக்கும்போது ஒழுகும், 'ப', 'வ' எழுத்துகள் கொஞ்சம் குழையும். அண்ணாந்து குடிக்கிற நம் ஊர்ப் பழக்கம் அந்தச் சமயத்தில் கைகொடுக்கும். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் மயஸ்தீனியா என்ற தசைச்சோர்வு நோய் இருப்பவர்களுக்கும் போடுவதில்லை. கம்பெனிக்குக் கம்பெனி யூனிட் கணக்கு மாறும், அதனால் போடும் மருந்தின் பெயரையும் அளவையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். அடுத்த தடவை வேறு இடத்தில் போட்டால் அது வேண்டும்.

ஊசியின் பெரிய லாபம் என்னவென்றால் ஒத்திகை பார்த்துவிடலாம். ஆபரேஷனுக்கு அப்புறம் முகம் எப்படி இருக்கும் என்பதை மூன்று மாதம் வாழ்ந்தே பார்க்கலாம், பிடிக்கவில்லையா, விட்டுவிட்டால் தானாகப் பழையபடி வந்துவிடும். பெரும்பாலான முக ஆபரேஷன்களுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. ஊசிக்கும் முன்னால், வெறும் மரத்துப்போகும் மருந்தைக் கொஞ்சம் அந்தத் தசையில் போட்டு ஒரு மணி நேரத்துக்குக் கண்ணாடியில் காட்டுகிற வழக்கமும் உண்டு. தயங்குகிற வீட்டாருக்கு நான் இதைத்தான் செய்வேன், ஆயிரம் வார்த்தை பேசுவதைவிட அந்தக் கண்ணாடி சீக்கிரம் புரியவைக்கும். சிலர் வருஷக்கணக்கில் ஊசியோடே நிறுத்திக்கொள்கிறார்கள், கல்யாணம், பட்டமளிப்பு விழா என்று வரும்போது மட்டும் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அதிலும் தப்பில்லை.

ஊசியின் பலன் அவளுக்கே பிடித்துப்போய், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வர முடியாது, நிரந்தரமாக வேண்டும் என்றால் அப்போது ஆபரேஷன். அதே நல்ல பக்கத்துத் தசையின் ஒரு பகுதியை எடுத்துவிடுவது. டொரண்டோவில் மாங்க்டெலோ குழுவினர் 2004-இல் இதைப் பற்றி எழுதினார்கள், கீழுதட்டு நரம்பு செயலிழந்தவர்களுக்கு இது நல்ல பலன் தருவதாக. அதற்கு முன்பே செய்யப்பட்டு வந்ததுதான், இன்று உலகத்தில் பல இடங்களில் கீழுதட்டுக் கோணலுக்கு முதலில் யோசிக்கிற ஆபரேஷன் இதுவாகிவிட்டது.

எப்படிச் செய்வது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பயம் பாதி அதில்தான். பெரியவர்களுக்கு முழு மயக்கம் தேவையில்லை, பல் பிடுங்கும்போது போடுகிற மாதிரி மரத்துப்போகும் ஊசி போதும். முக்கியமான வேலை அந்த ஊசிக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். பிள்ளையை உட்காரவைத்துக் கீழுதட்டை இறக்கச் சொல்லி, தசை எங்கே தொடங்குகிறது, எந்தச் சாய்வில் போகிறது என்று தோலில் கோடு போட்டுக்கொள்வோம். மருந்து போட்ட பிறகு தசையும் சேர்ந்து தூங்கிவிடும், அப்புறம் 'ஈ காட்டு' என்றால் ஒன்றும் தெரியாது. வெட்டு உதட்டுக்கு உள்பக்கம், ஈறும் உதடும் சேரும் பள்ளத்துக்குச் சற்று மேலே, சுமார் இரண்டு சென்டிமீட்டர். வெளியே தழும்பே இருக்காது. உள்ளே போனால் அந்தத் தசை இழைகளுக்கு நடுவிலேயே வெள்ளை நூல்கள் போல மென்டல் நரம்பின் கிளைகள் ஓடும், கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு கொடுப்பவை. அவற்றை ஒவ்வொன்றாக ஒதுக்கி வைத்துவிட்டு, தசையைக் குறுக்கே அறுத்துவிடாமல் ஒரு துண்டாக வெளியே எடுக்க வேண்டும். வெறுமனே வெட்டி மட்டும் விட்டால் இரண்டு முனையும் தழும்பில் ஒட்டி மறுபடி இழுக்க ஆரம்பிக்கும். தானாகக் கரையும் தையல். அன்று சாயந்தரமே வீட்டுக்குப் போகலாம்.

ஒரு வாரம், பத்து நாள் உதடு வீங்கியிருக்கும். அந்த வீக்கத்தில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு 'முன்னைவிட மோசமாயிருச்சு' என்று அழாத ஆள் இல்லை, அதை முன்கூட்டியே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். வாய்க்குள் தையல் இருப்பதால் ஆறிய கஞ்சி, தயிர்சாதம், இட்லி இப்படிப் போகட்டும். ஜிகர்தண்டா தாராளமாகச் சாப்பிடலாம், பரோட்டா சால்னா இரண்டு வாரம் கழித்து. ஒவ்வொரு தடவை சாப்பிட்ட பிறகும் வாய் கொப்பளிக்க வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கீழுதட்டில் சில வாரங்களோ மாதங்களோ மரத்த உணர்வு இருக்கும், சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகத் தங்கிவிடலாம். விடுபட்ட இழைகளால் கொஞ்சம் கோணல் திரும்பலாம், மறுபடி உள்ளே போக வேண்டியிருக்கும் அல்லது சிறிதளவு போடாக்ஸோடு சமாளிக்கலாம். ஆரம்பத்தில் சாப்பிடும்போது உதட்டைக் கடித்துக்கொள்வார்கள். வாய்விட்டு அழுவது, முகம் சுளிப்பது, கத்துவது போன்ற பெரிய முகபாவங்களில் உதடு முன்னைப்போல இறங்காது. பரதநாட்டியம் ஆடுகிற பிள்ளை, நாதஸ்வரமோ புல்லாங்குழலோ வாசிக்கிறவர், மேடை நாடகத்தில் நடிக்கிறவர் என்றால் ஊசியோடு ஒரு பருவத்தைக் கழித்துப் பார்க்காமல் கத்தியிடம் போகக்கூடாது. எடுத்த தசையைத் திருப்பி வைக்க முடியாது.

பழுதான பக்கத்துக்கே இயக்கம் கொடுக்கும் ஆபரேஷன்களும் உண்டு. முகவாய்க்கு அடியில் டைகாஸ்ட்ரிக் என்று ஒரு தசை, வாய் திறக்க உதவுவது. அதன் முன்பாதியைப் பிரித்துத் திருப்பி உதட்டோடு தைப்பார்கள். அதற்கு நரம்பு முகநரம்பிலிருந்து வருவதில்லை என்பதால் முகநரம்பு போனவர்களுக்கும் வேலை செய்யும். ஆனால் முகவாய்க்கு அடியில் தழும்பு வரும், தசையின் திரட்சி தெரியும், சும்மா இருக்கும்போதே உதட்டைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. ஓய்வில் சமமாக இருக்கும் முகத்தை ஓய்விலும் கோணலாக்கிவிடும் அபாயம் என்னை எப்போதும் தயங்கவைக்கும். கழுத்துத் தோலுக்கு அடியில் இருக்கும் பிளாட்டிஸ்மா தசையைத் திருப்பி வைப்பவர்களும் இருக்கிறார்கள். தொடையிலிருந்து ஃபேசியா என்ற உறுதியான திசுப்பட்டையை எடுத்து உதட்டுக்குள் செலுத்தி, நல்ல பக்கத்தின் இழுப்பை மறுபக்கத்துக்கும் பகிர்ந்துகொடுக்கிற முறையைச் சப்பானிய மருத்துவர்கள் பிறவிக் கீழுதட்டு வாதத்துக்கென்றே எழுதியிருக்கிறார்கள். கீழ்ப்பல் தெரியும் சிரிப்பை விட்டுக்கொடுக்க விரும்பாதவர்களுக்கு இதெல்லாம் யோசிக்கத் தகுந்தது. கழுத்து ஆபரேஷனிலோ விபத்திலோ நரம்பு அறுந்து சில மாதமே ஆனவர்களுக்குக் கணக்கு முற்றிலும் வேறு, அங்கே தசை உயிரோடு இருக்கும், நரம்பைச் சேர்ப்பதுதான் முதல் வேலை, நாள் கடத்தக்கூடாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வயதைப் பற்றி. கைக்குழந்தைக்கும் பள்ளிக்குப் போகிற குழந்தைக்கும் நான் கத்தி எடுக்க மாட்டேன். அழுகை குறையக் குறைய இது கண்ணில் படுவதும் குறையும், பாதிப் பேர் வளர்ந்தபின் கேட்கவே வரமாட்டார்கள். பால் குடிப்பதற்கோ பேசுவதற்கோ பொதுவாகத் தடையில்லை. உங்கள் பிள்ளைக்கு 17. பதினெட்டு ஆகட்டும், அவளே கேட்டு அவளே கையெழுத்துப் போடட்டும் என்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கேள்வி முழுக்க அக்கா என்ன சொல்கிறார், பெரியப்பா என்ன சொல்கிறார் என்று இருக்கிறதே தவிர, அவள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி இல்லை. அவளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, மாப்பிள்ளை பார்க்கும்போது பிரச்சினை வரும் என்று வீட்டார்தான் பயப்படுகிறார்கள் என்றால், ஆபரேஷன் தேவையில்லை. தலையைக் குனிந்தே சிரிக்கிறாள், கையால் வாயை மூடிக்கொள்கிறாள், செல்பியில் உதட்டை இறுக்கிக்கொள்கிறாள் என்றால், பரீட்சை முடிந்த கையோடு ஊசி ஒத்திகைக்கு வரட்டும். தாய்மாமன் நீங்கள், தனியாக உட்காரவைத்துக் கேட்டால் உங்களிடம் உண்மையைச் சொல்வாள்.

மதுரையிலேயே முடியுமா என்றால், முடியும். கோரிப்பாளையத்துப் பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில், பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவு இருக்கிறது, எக்கோவும் ஸ்கேனும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் ஆள் இருக்கிறார்கள். போகிற இடத்தில், முகவாதத்துக்கு ஆபரேஷன் செய்து பழக்கம் உண்டா, கீழுதட்டுத் தசையில் ஊசி போட்டிருக்கிறீர்களா, முன்னும் பின்னும் எடுத்த வீடியோ காட்ட முடியுமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். போட்டோ போதாது, கோணல் அசைவில்தான் இருக்கிறது. அழகுக்கு ஊசி போடுகிற கடைகள் இப்போது தெருவுக்குத் தெரு முளைத்திருக்கின்றன, நெற்றிச் சுருக்கத்துக்குப் போடுகிற கை எல்லாம் இந்த இடத்தில் போடக்கூடாது.

செலவு விஷயம்: போடாக்ஸ் 50, 100 யூனிட் குப்பியாக வருகிறது, உங்களுக்குத் தேவை அதில் ஒரு சிறு பங்கு. அதனால் பல இடங்களில் ஒரே நாளில் நாலைந்து பேரை வரச்சொல்லிக் குப்பியைப் பகிர்வார்கள், 'பகிர்ந்துகொள்ளும் நாள் எது' என்று கேட்டால் செலவு நிறையக் குறையும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இது வருமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் நேரில் கேட்டுவிடுங்கள். தனியார் மருத்துவக் காப்பீடு இருந்தால் ரொம்ப நம்ப வேண்டாம், வெளியே தெரிகிற பிறவிக் குறைகளையும் அழகுக்கான அறுவையையும் பொதுவாக விலக்கிவைத்திருப்பார்கள். இதயத்திலோ சிறுநீரகத்திலோ ஏதாவது தெரியவந்தால் அதன் கணக்கு வேறு, அதற்கு எக்கோ ரிப்போர்ட்டோடு தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

முதல் தடவை வரும்போது பிறந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தால் எடுத்துவாருங்கள், ஆயுதம் போட்டார்களா என்று அதில் இருக்கும். காதுகுத்து வீடியோ இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், உங்கள் மடியில் உட்கார்ந்து அவள் வாய்விட்டு அழுதிருப்பாள், அந்த வயதில் எந்தப் பக்கம் எவ்வளவு இறங்கியது என்று பார்க்க அதைவிட நல்ல பதிவு கிடைக்காது. இப்போது சிரிப்பதையும் பேசுவதையும் செல்போனில் நேர் எதிரே வைத்து ஒரு நிமிடம் எடுங்கள். அவளுக்குத் தெரிந்தே எடுங்கள்.